சுற்றி விழுந்த ஆட்டின் தலையும் ஏரிக்கரை நரியும்

அனுப்புநர்:
ப. தாண்டவராயன்,
ஆட்டுக்கிடை வைத்திருப்பவர்,
வளவனூர் அஞ்சல், விழுப்புரம் தாலுகா,
தென்னாற்காடு ஜில்லா.

பெறுநர்:
கால்நடை மருத்துவ அதிகாரி அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: சுற்று நோயில் செத்த ஆட்டின் தலையை நரிக்குப் போடலாமா, கூடாதா என்று ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்லக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழுந்து செத்தால், அதன் தலையை ஏரிக்கரைப் புதரில் நரிக்கு வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவது எங்கள் ஊர் வழக்கம். நரி நோயைத் தன்னோடு கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை. ஆடு வைத்திருக்கும் எல்லோரும் வைத்தோம். நானும் வைத்தேன்.

2. சென்ற ஆடியில் தங்கள் கம்பவுண்டர் திரு. சீனுவாசன் வந்து, செத்த ஆட்டின் மண்டையைப் பிளந்து, மூளையில் இருந்த நீர்க்கொப்புளத்தைக் காட்டினார். அதற்குள் இருப்பது புழுவின் குஞ்சாம். தலையைத் தின்ற நரியின் குடலில் அது நாடாப்புழுவாக வளர்ந்து, நரி கழிக்கும் புல்லில் முட்டை விழுந்து, அதை மேய்கிற ஆட்டின் மூளைக்கு ஏறுமாம். நாய் தின்றாலும் அப்படித்தானாம். நரிக்கு மட்டும் ஒரு கேடும் இல்லையாம். அப்படியானால் முதலில் யார் யாருக்குக் கொடுத்தது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. இருந்தாலும் அவர் சொற்படி அடுத்த தலையைப் புதைத்தேன்.

3. தலையைப் போட்டுப் போட்டு ஏரிப் புல்லைக் கெடுத்தவன் நான் என்கிறார் பக்கத்துக் கிடைக்காரர் ஆதிநாராயணன். ஊர்ப் பெரியவர் துரைக்கண்ணுவோ, "நரி வவுறு காஞ்சிகினு கெடக்குது, அதான் நோவ இங்கியே உட்டுட்டுப் போவுது" என்று, புதைத்ததைக் குற்றம் சொல்கிறார். எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி நான்தான் என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

4. புதைத்த தலையையும் நரி தோண்டி எடுத்துப் போய்விட்டது. ஆகவே நான் போட்டவனா, போடாதவனா என்று எனக்கே தெரியவில்லை.

5. வரும் வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில், என் ஆடுகள் ஏரியில் மேயக் கூடாது என்று கட்டுப்பாடு வைக்கப் போகிறார்கள். எனக்கு வேறு மேய்ச்சல் இல்லை. கிடை கலைந்தால் பிழைப்பும் இல்லை. பயமாக இருக்கிறது ஐயா.

ஆகவே தாங்கள் கூட்டத்திற்கு வந்து, நரி நோயைக் கொண்டுபோகிறதா, கொண்டுவருகிறதா என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டுகிறேன். வர இயலாவிட்டால், நரிக்கு எட்டாமல் இருக்க எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்றாவது உடனே எழுதவும். என் மனைவி தைலம்மாள் கையால் வளர்த்த பெட்டை ஆடு இன்று காலை முதல் இடப்பக்கமாகவே சுற்றுகிறது. அவள் கூப்பிட்டால் வரத்தான் பார்க்கிறது. வர முடியவில்லை.

இடம்: வளவனூர்
நாள்: 12-9-1961

இப்படிக்கு, தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ப. தாண்டவராயன்