கடவுளுக்கு முளைத்த கால்

அன்பு மகளே,

மூன்று வயதாகியும் நிற்காத என் பேத்தி பாபான் நடந்துவிட்டாள் என்று நீ அனுப்பிய ஆள் வந்து சொன்னபோது, கோயில் ஏட்டில் நம் கடவுள் தெஸ்காட்லிபோகாவை வரைந்துகொண்டிருந்தேன். அவருக்கு ஒரு பாதம் கிடையாது. அந்த இடத்தில் புகையும் கண்ணாடி வரவேண்டும். சந்தோஷத்தில் இரண்டு பாதங்களையும் வரைந்துவிட்டேன்.

பூசாரி பார்த்துவிட்டார்.

“என்ன பெரியவரே, சாமிக்குக் கால் மொளைச்சிருக்கு?”

ஏட்டைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயந்தேன். “பேத்தி நடந்துட்டா சாமி,” என்றேன்.

“அப்ப தன் காலை அவளுக்குக் குடுத்திருக்காரு. கண்ணாடியைப் போடும்யா!” என்று சிரித்தார்.

ஒரு பாதத்தைச் சுண்ணாம்பு பூசி மறைத்து, அதன்மேல் கண்ணாடி வரைந்தேன். சரியாக வந்ததா என்று நான்கு முறை பார்த்தேன்.

குழந்தைக்குக் கல் குத்தாமல் பார்த்துக்கொள். அது யாருடைய கால் என்று தெரிந்துவிட்டதே.

இப்படிக்கு,
உன் அப்பா