புடவையைத் திருப்பிப்போட்டவனுக்கு

இன்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மல்லிகை வாங்கிக்கொண்டு மதியம் செவிலிமேட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். ஜன்னலை மூடிக்கொண்டு சுருண்டு கிடந்த என் மகள், "அப்பா, அந்தப் பூவை வெளிய வெச்சுட்டு வாப்பா, கொமட்டுது" என்றாள். மல்லிகை நாறுகிறது என்று சொன்ன ஒரே ஆள் அதுவரை நீதான்.

ஒற்றைத் தலைவலி என்கிறார் டாக்டர். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். மனைவிக்கு இல்லை, எனக்கும் இல்லை. எனக்கு ஏன் இல்லை என்று நீ அன்றே சொல்லிவிட்டாய். "தலைக்குள்ள எதுனா இருந்தாத்தானேடா வலிக்கும்!"

பட்டுக்கடையில் ஒரே மெத்தையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புடவை விரித்தவர்கள் நாம். உனக்கு வலி வரப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். காலையிலிருந்து கொட்டாவி விடுவாய். டீயில் சர்க்கரை கூடக் கேட்பாய். அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் ஜரிகை கண்ணைக் குத்துகிறது என்று புடவையைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தைக் காட்டியே விற்பாய். நெசவின் யோக்கியதை பின்பக்கத்தில்தான் தெரியும் என்று வந்தவர்கள் அசந்துபோவார்கள். வேலூர் அம்மாள் ஒருவர் மகளிடம், "இந்தத் தம்பி ஒளிவுமறைவு இல்லாம காட்டுது, இதையே எடும்மா" என்றார். மறுநாள் நானும் திருப்பிப்போட்டேன். "ஏம்பா, முன்பக்கம் எதுனா கறையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். நீ சிரித்த சிரிப்பில் உனக்கே தலைவலி வந்தது.

வெளியிலிருந்து பார்த்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். மகளுக்கு முதலில் வந்தபோது, "போனை நோண்டிக்கினே இருந்தா வலிக்காம என்ன பண்ணும்?" என்று அவள் அம்மா திட்டினாள். நான்தான் விளக்கை அணைத்து, மிக்சியை நிறுத்தச் சொல்லி, உன் கதையையும் சொன்னேன். இப்போது வீட்டில் எனக்குப் பாதி டாக்டர் என்று பெயர். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டவனுக்கு இதுவே பெரிய பட்டம்.

இன்று அவள் கேட்டாள்: "அப்பா, வலிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் எல்லாம் மினுக்கு மினுக்குனு அறுந்து தெரிஞ்சுது. அம்மா மூஞ்சி பாதி காணோம். உன் ஃப்ரெண்டுக்கும் இப்படி இருந்துச்சா? இல்ல, எனக்கு மட்டும் வேற எதுனாவா?" கேட்டுவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தெரியவில்லையடா. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நீ என்ன பார்த்தாய் என்று கேட்டதே இல்லை. எங்கே போய்விடப் போகிறாய் என்றிருந்தேன். போன ஆடியில் மாரடைப்பு வந்து போய்விட்டாய். இப்படித் தெரிவதும் இந்த நோயில் உண்டு என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினாள். பயம் போகவில்லை. உள்ளே போய்த் திரும்பி வந்த ஒருவர் சொல்லியிருந்தால் போயிருக்கும்.

என்னிடம் இருப்பது உன் மறுநாள் காலைகள் மட்டும்தான். அதைக் கொடுத்தேன்.

"எவ்ளோ வலிச்சாலும் மறுநாள் காலைல கடைக்கு வந்துருவான்மா. மூஞ்சி பளிச்சுனு இருக்கும். ரெண்டு ஆள் பொங்கலைச் சாப்பிடுவான்."

"ஒவ்வொரு தடவையுமாப்பா?"

"ஒவ்வொரு தடவையும்."

சொல்லும்போது குரல் உடைந்தது. நல்லவேளை, அதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.