தம்பியின் பேருந்துக்கு நீலப் பெயின்ட்

ஜூன் 4

பள்ளிச் சீருடைகள் தைக்காமல் குவிந்து கிடக்கின்றன. அதற்கு நடுவே இந்தக் கூத்து வேறு. காற்றால் பெயின்ட்டைத் தூவி அடிக்கும் ஏர்பிரஷ் பெட்டி வந்துவிட்டது. உள்ளே பேனா மாதிரி ஒரு துப்பாக்கி, அதன் தலையில் பெயின்ட் ஊற்ற ஒரு குட்டிக் கிண்ணம், ஒரு ரப்பர் குழாய், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கம்ப்ரஸர். ‘புதிதாகப் பழகுபவர்களுக்கு’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. தலை நரைத்த பிறகு புதிதாகப் பழகுகிறேன்.

தம்பிக்காகத்தான். டவுன் பஸ் ஓட்டியவன். சர்க்கரை முதலில் அவன் கண்ணைத் தின்றது, இப்போது சிறுநீரகத்தைத் தின்கிறது. பார்வை மங்க ஆரம்பித்தபோது, தான் ஓட்டிய வண்டியைப் பிளாஸ்டிக் தகட்டில் முழ நீளத்துக்குச் செய்யத் தொடங்கினான். சீட், கம்பி, படிக்கட்டு எல்லாம் செய்துவிட்டான். பெயின்ட் அடிப்பதற்குள் கண் முழுசாகப் போய்விட்டது.

“நீ அடிச்சுக் குடுக்கா. கலர் எனக்குத் தெரியப் போறதில்ல. ஆனா கைய வெச்சா வழுக்கணும். புது வண்டிய டெப்போவுல இருந்து முதல் நாள் எடுத்தப்ப ஒரு தடவு தடவுனேன் பாரு, அப்படி இருக்கணும்.”

பிரஷ்ஷால் அடித்தால் கோடு கோடாகக் கைக்குத் தட்டுமாம். அதனால் இந்தப் பெட்டி. சரி என்று சொல்லிவிட்டேன். இவன் கேட்டு நான் எதை மாட்டேன் என்றிருக்கிறேன்?

ஜூன் 6

பழைய பிஸ்கட் டப்பா மேல் அடித்துப் பார்த்தேன். சீராக வருவதற்குப் பதில் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பியது. டப்பாவெல்லாம் நீலப் பொட்டு. அடுத்த அறையிலிருந்து தம்பி குரல் கொடுத்தான்: “சளி புடிச்ச இன்ஜின் மாதிரி கேக்குதேக்கா!”

வாயை மூடிக்கொண்டு இருடா என்றேன்.

ஜூன் 7

காதுமடலில் நீலம். சீருடை வாங்க வந்த ஒரு அம்மா பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 12

பெயின்ட் கடைக்காரரிடமே போய்க் கேட்டுவிட்டேன். நான் பெயின்ட்டைக் கெட்டியாக ஊற்றியிருக்கிறேன். “பால் பதத்துக்குத் தின்னர் கலக்கணும்மா. கிண்ணத்து ஓரத்துல விட்டா மெல்லிசா படிஞ்சு இறங்கணும்.” அப்புறம் எப்படி அடிக்கிறேன் என்று காற்றில் ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். மனிதர் சிரித்துவிட்டார்.

“ஏம்மா ரெண்டு ஓரத்துலயும் நின்னு நின்னு போறீங்க?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. தையல்காரி புத்தி! தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை பின்னால் ஓட்டி, பிரியாதபடி கட்டிவிடுவேன். ஆயுசு முழுக்கச் செய்தது, கை அதையே செய்கிறது. அந்த இடங்களில்தான் பெயின்ட் தேங்கிக் கண்ணீர் மாதிரி வழிந்திருக்கிறது. பொருள் வருவதற்கு முன்பே பெயின்ட்டைத் தெளிக்கத் தொடங்க வேண்டுமாம், பொருளைத் தாண்டிய பிறகுதான் நிறுத்த வேண்டுமாம்.

தம்பியிடம் சொன்னேன். “நடுவுல ஸ்டாப்பே இல்லாத வண்டின்னு நெனச்சுக்கோக்கா” என்றான்.

ஜூன் 16

டயாலிசிஸ். மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “இதயம் ரொம்பத் தளர்ந்துடுச்சும்மா. எவ்வளவு நாள்னு எங்களால சொல்ல முடியல. தயாரா இருங்க.”

தயாராக என்றால்? எதை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருப்பது?

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான்: “டாக்டர் என்ன சொன்னாரு?”

“உப்பக் குறைக்கச் சொன்னாரு.”

“இன்னும் குறைக்க அதுல என்ன இருக்கு?”

இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவன் காது கூர்மை. தண்ணீர்ச் சத்தம் போதுமா தெரியவில்லை.

ஜூன் 19

வண்டிக்கே முதல் கோட்டு அடித்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் கொண்டுபோய் மடியில் வைத்தேன். விரல் நுனியால் பக்கவாட்டில் மெதுவாக ஓட்டினான்.

“ஆரஞ்சுத் தோலு மாதிரி இருக்குக்கா.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குடா இவ்வளவு நொட்டை?” சொல்லிவிட்டேன். ஐயோ, சொல்லியே விட்டேன். நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை.

விரலை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டான். பிறகு, “கண்ணு தெரிஞ்சிருந்தா இவ்வளவு நொட்டை சொல்லியிருக்க மாட்டேன்க்கா” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 20

மின்விசிறிதான் எதிரி! காற்றில் வரும்போதே பெயின்ட் பாதி காய்ந்து, பொடிப்பொடியாகப் போய் உட்காருகிறது. துப்பாக்கியைத் தூரமாகவும் பிடித்திருக்கிறேன். விசிறியை நிறுத்திவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நேற்று அடித்ததையெல்லாம் தேய்த்து எடுத்தேன். நீலத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

ஜூன் 25

வந்துவிட்டது! மெல்லிசு மெல்லிசாக அடித்தேன், எங்கேயும் நிற்காமல். கடைசிக் கோட்டு மட்டும் கொஞ்சம் கிட்டே பிடித்து, ஈரமாக. கூரையில் ஜன்னல் வெளிச்சம் அப்படியே விழுந்து நின்றது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. யாரைக் கூப்பிட?

நாளை மறுநாள் வரை தொடக்கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 26

கடைக்கு நூல் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், மேசைப் பக்கத்தில் நிற்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்திருக்கிறான். கூரையின் முன்பக்கத்தில், டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே, கட்டைவிரல் பதிந்திருக்கிறது. ரேகை ரேகையாக.

“பொறுக்கலக்கா” என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. அப்புறம் அவனே, “விட்டுடு. டிரைவர் கையெழுத்துன்னு நெனச்சுக்கோ.”

“போடா. ஒரு சுருக்கத்தோட இந்த வீட்டுலேருந்து துணி வெளிய போனதில்ல. நாளைக்குத் தேச்சு எடுத்து மறுபடி அடிச்சுடறேன்.”

“மத்ததெல்லாம் வழுக்குமா?”

“கண்ணாடி மாதிரி. கைய வெச்சா நிக்காது.”

காயட்டும், அப்புறம் தொடுகிறேன் என்றான்.

ஜூன் 27

காலையில் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னை உள்ளே விடவில்லை. மாலையில்தான் பார்க்கலாம், வீட்டுக்குப் போய் வாருங்கள் என்றார் நர்ஸ். வீட்டுக்கு வந்து என்ன செய்வது? உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அவன் வருவதற்குள் தயாராக இருக்கட்டுமே என்று உப்புத்தாளை நனைத்து எடுத்தேன். அந்த விரல் இருந்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கி, மறுபடி அடித்தேன். இத்தனை நாளில் இவ்வளவு நன்றாக வந்ததே இல்லை.

மாலையில் பார்த்தேன். மூக்கில் குழாய். “காஞ்சிடுச்சாக்கா?” என்றான்.

“நாளைக்குக் காஞ்சிடும்டா.”

ஜூன் 28

போய்விட்டான்.

ஜூலை 9

சீருடைகளை வேறு தையல்காரியிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 21

தம்பியோடு ஓடிய கண்டக்டர் வந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் கிட்டே போய்க் குனிந்தார். கூரையை ஒரு தடவு தடவினார். “கண்ணாடி மாதிரி இருக்குக்கா. புது வண்டிக்குக்கூட இப்படி வராது.”

அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே, அங்கேயே திரும்பத் திரும்ப. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. ஒரு ரேகையாவது எங்கேயாவது தட்டாதா? விட்டுடு என்று சொன்னானே. பாவி, நான் விட்டிருக்கக் கூடாதா?

டெப்போவில் இந்த வண்டியைப் பார்வைக்கு வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வைத்திருக்கிறார்களாம். “இன்னைக்கே எடுத்துட்டுப் போகட்டுமாக்கா?” என்று கேட்டார்.

இன்னும் காயவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.