பல் டாக்டர் வீட்டுச் சுவரில் போர்ப்படம்

மார்ச் 7, வெள்ளி

டயர் கடையில் வேலை குறைவு. சீக்கிரம் வீட்டுக்கு வந்தால் பொண்டாட்டியைக் காணோம். மாடிக்குப் புதுசாகக் குடிவந்த பல் டாக்டர் சாயங்காலம் சுவரில் படம் போடுகிறாராம். கட்டிடத்தில் எல்லாரையும் கூப்பிட்டாராம். இறங்கி வந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது.

"என்ன படம்?"

"பழைய போர்ப்படங்க, கருப்பு வெள்ளை. ஒரு பாலத்துக்குக் காவல் இருக்காங்க. கடைசி வரைக்கும் ஒரு குண்டுகூட வெடிக்கல. ஆனா அந்தச் சமையல்காரன், பாவம், பொழைச்சுக்குவான்னே நினைச்சேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அது என் படம். கல்யாணமான புதுசிலிருந்து பாருடி பாருடி என்று கெஞ்சிய படம். "சண்டை பார்க்கணும்னா உங்கம்மா வந்தா போதும்" என்று சொன்னவள்தான் இவள்.

மார்ச் 8, சனி

யாரும் சீண்டாத படங்கள். சிடி கடையை மூடும்போது எடைக்கு வாங்கினேன், ஒரு பெட்டி நிறைய. ஹீரோ கிடையாது, வசனம் பேசுகிற தளபதி கிடையாது. போர் என்றால் சுடுவது என்று நினைக்கிறார்கள். காத்துக் கிடப்பதுதான் போர். நனைந்த பூட்ஸ், பசி, பக்கத்தில் படுத்தவனின் குறட்டை. ஏழாங்கிளாஸைத் தாண்டாத எனக்கே இது புரிகிறது.

அடைகாத்தவன் நான். குஞ்சு அவர் பின்னால் போகிறது.

மார்ச் 11, செவ்வாய்

மச்சான் என்னோடுதான் கடையில் வேலை செய்கிறான். இன்றைக்குக் கேட்கிறான்: "ஏன் மாமா நட்டை அந்தப் பிடி பிடிக்கறீங்க? பல்லுன்னு நினைச்சீங்களா?"

அக்காக்காரி சொல்லியிருக்கிறாள். ஊரையே கிண்டல் பண்ணுகிறவன் நான், எனக்கே கிண்டலா?

மார்ச் 14, வெள்ளி

மறுபடியும் போனாள். தலை வாரிக்கொண்டு. நான் படம் போட்டால் பத்து நிமிஷத்தில் பாத்திரம் கழுவ எழுந்து போகிறவள். வந்ததும் கேட்டே விட்டேன்.

"அவர் என்ன, என்னைவிட நல்லா விளக்குறாரோ?"

"அவர் ஒண்ணுமே சொல்றதில்ல."

"பின்ன?"

"அதுக்குத்தாங்க போறேன். நீங்க, ஒருத்தன் மூஞ்சி தெரியறதுக்குள்ள 'இவன் செத்துருவான்'னு சொல்லிடுவீங்க. அப்புறம் அவனை நான் எப்படிப் பார்க்கறது?"

அடுத்தவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற ஆள். அவர் வாயை மூடிக்கொண்டது பெரிய சாதனை.

மார்ச் 15, சனி

சொன்னா என்ன தப்பு? தெரிஞ்சதை எங்க கொண்டுபோய்க் கொட்டறது நான்? சுவத்துக்கிட்டயா?

மார்ச் 18, செவ்வாய்

மச்சானிடம் கேட்டேன், படம் பார்க்கும்போது நான் பேசுகிறேனா என்று.

"நீங்க பேசும்போது நடுவுல நடுவுல படம் வரும் மாமா."

மார்ச் 21, வெள்ளி

நானும் மாடிக்குப் போனேன். சட்டை மாற்றிக்கொண்டு. பல் டாக்டருக்கு வழுக்கை, முட்டிவலி. நொண்டிக்கொண்டே நாற்காலி எடுத்துப் போட்டார்.

"உங்ககிட்ட ஒரு பெட்டி நிறைய இருக்காமே. வீட்டம்மா ரெண்டு வாரமும் சொன்னாங்க. நான் இந்த நாலஞ்சை வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன்."

நல்ல மனுஷன். அது வேறு எரிச்சலாக இருந்தது. ரெண்டு வாரமும் சொன்னாளாமே? என்னிடம் சொல்லவில்லை.

அடிபட்டவனை ஸ்ட்ரெச்சரில் வைத்து இரண்டு பேர் மலையேறுகிற படம். முன்னால் போகிற குள்ளன் உச்சிக்குப் போய்ச் சேர மாட்டான். எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். குள்ளன் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஏறுகிறான். அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"என்னங்க, இவன் பொழைச்சுக்குவானா?"

பாதகத்தி. இத்தனை வருஷம் கேட்காமலே சொன்னேன், இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறாள்.

"தெரியல," என்றேன். "பார்ப்போம்."

மார்ச் 28, வெள்ளி

மாடிக்குப் போகவில்லை. பெட்டியைக் கிளறி அவளே ஒன்றை எடுத்துப் போட்டாள். படம் ஓட ஓட இவன் சாவான், அவன் தப்பிப்பான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாம் தப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.