ஆறு பத்துக்கு வருபவர்

ஏப்ரல் 3

பயம் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்துவிட்டது, அதுதான் சிக்கல். முடிந்ததை எடுத்து அதன் இடத்தில் வைப்பது மட்டும் பாக்கி.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் புதிய இணையதளம் ஏழு வாரமாக 'புதுசு' என்ற உள்ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. கடையின் முகவரியைத் தட்டினால் வருவது இன்னும் பழைய தளம். அண்ணன் கட்டியது. அவன் போய்ப் பதினாறு மாதம். முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'புதுசு'ம் சேர்த்தால்தான் என்னுடையது வரும். சேர்க்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

சாப்பிடும்போது அப்பா: "எப்ப மாத்தப்போற?"

"மாத்தணும்ப்பா."

"ஏழு வாரமா இதையேதான் சொல்ற. பழசைத் தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு."

தட்டைப் பார்த்தே சொன்னார். அம்மா தண்ணீர் ஊற்றினாள். ஏற்கெனவே நிறைந்திருந்த டம்ளரில்.

ஏப்ரல் 5

பழைய தளத்தின் 'எங்களைப் பற்றி'. கண் சோதனைக்கு மாட்டும் வட்டச் சட்டத்தைப் போட்டுக்கொண்டு அண்ணன் நிற்கிற படம். ஒரு கண்ணில் கறுப்பு வில்லை. கீழே அவன் எழுதியது: "அப்பா சிரிக்க மாட்டார். கண்ணாடி நன்றாகச் செய்வார்."

அந்த வரிக்காக வீட்டில் நடந்த சண்டை.

"கடையா இது, சர்க்கஸா? எடுடா அதை."

"ஒரே ஒரு தடவை சிரிங்க. எடுத்துடறேன்."

அவர் சிரிக்கவில்லை. அவன் எடுக்கவில்லை. பேச்சு நின்றது. மூன்று வாரம் கழித்து பைக், மழை, லாரி.

இடையில் பேசினார்களா? யோசித்துப் பார்க்கிறேன். சாவி எங்கே. ஷட்டர் போட்டாச்சா. அது பேச்சா?

என் தளத்தின் 'எங்களைப் பற்றி'யில் கடை தொடங்கிய ஆண்டு இருக்கிறது, வேலை நேரம் இருக்கிறது. அவன் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதாமல் விட்டேன். இருந்தான் என்றா? இறந்தான் என்றா?

ஏப்ரல் 8

சர்வரின் வருகைப் பதிவைப் பார்த்தேன். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எங்கிருந்து என்று வரிவரியாக இருக்கும். தினமும் காலை ஆறு பத்துக்கு ஒருவர் வருகிறார். முகப்பைத் தொடுவதில்லை. நேராக அண்ணனின் 'எங்களைப் பற்றி'. அது மட்டும். போய்விடுகிறார்.

ஏதாவது தேடுபொறியின் ரோபோவாக இருக்கும். ரோபோக்கள் நேரம் தவறாது.

ஏப்ரல் 9

பழைய தளத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி ஒரு பெண்மணி குழந்தையோடு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம். இது மூன்றாவது தடவை. சொன்னவர் மில்லிமீட்டர். கடையில் வில்லை வெட்டுபவர். அளவு பிசகாது, அதனால் அண்ணன் வைத்த பெயர்.

"ஏம்மா, வீட்டைக் கட்டி முடிச்சுட்டு யாராவது வெளியவே நிப்பாங்களா?"

"உள்ள பழைய ஆள் இருக்கே அண்ணே."

சிரிப்பார் என்று நினைத்தேன். இயந்திரத்தைப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மாற்றிவிட்டேன்.

காலை பத்து மணி. முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல். பிறகு பழைய கோப்புகளை வெளியே எடுத்தேன். புதியவற்றை நகர்த்தினேன். தளத்தின் அமைப்பில் முகவரியை மாற்றினேன். முகப்பு வந்தது. எழுத்து வந்தது. படங்கள் மட்டும் வெறும் பெட்டிகள். ஒவ்வொரு படமும் இன்னும் 'புதுசு'வில் இருப்பதாகவே விலாசம் சொல்லிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள். தேடி மாற்றினேன். இருபது நிமிடம் பிடித்தது, குடிபோனதை அவை ஒப்புக்கொள்ள.

இல்லாத பக்கத்தைத் தேடி வருபவர்களுக்கும் ஓர் அறிவிப்பு வைத்தேன். "நீங்கள் தேடுவது இங்கே இல்லை. கண்ணாடி மாற்ற வேண்டிய நேரமோ?"

அம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். சத்தமாக. "அவன் எழுதின மாதிரியே இருக்குடி."

அப்பா பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 13

எதுவும் உடையவில்லை. அழகாகத்தான் இருக்கிறது. ஏன் திறந்து திறந்து பார்க்கிறேன்?

ஏப்ரல் 16

மாற்றிய பிறகான பதிவு.

திங்கள் காலை 6.10 — அண்ணனின் பக்கம். பக்கம் இல்லை. மறுபடி 6.10. 6.11. 6.13. நான்கு தடவை. செவ்வாய் ஏழு. நேற்று ஒன்பது. இன்று ஒன்று, இருபது நிமிடம் விட்டு இன்னும் ஒன்று.

ரோபோ தவிக்காது.

வரியைக் கடைசிவரை படித்தேன். போனின் மாடல் இருந்தது. அண்ணனுடைய மாடல். வந்த இடத்தின் எண்ணை எங்கள் வைஃபையின் எண்ணோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான்.

அவன் போன் ஹால் இழுப்பறையில், பெட்டிக்குள். பதினாறு மாதமாக அணைந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன்.

பேட்டரி எண்பத்தேழு சதவீதம்.

யாருடா? நீயா? — சீ. என்ன பேசறேன் நான்.

ஏப்ரல் 17

ஆறு மணிக்கு என் அறைக் கதவை விரலளவு திறந்துவைத்து நின்றேன். அம்மா எழவில்லை.

இழுப்பறைச் சத்தம்.

அப்பா. ஜன்னலோர நாற்காலியில். அண்ணனின் போனை முகத்துக்கு மிகப் பக்கத்தில் பிடித்திருந்தார். திரையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், எழுதியவள் நான். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார், இரண்டு பக்கமும். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஐந்து காலைகள். ஒவ்வொரு காலையும் நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன், நீங்கள் தேடுவது இங்கே இல்லை என்று. கிண்டலாக வேறு.

கதவு கிரீச்சிட்டது.

"யாரு?" திரும்பவில்லை.

"நான்தான்ப்பா. தண்ணி குடிக்க."

"குடி." போனை மடியில் கவிழ்த்தார். "நாலஞ்சு நாளா நெட்டு சரியில்ல."

"ஆமாப்பா. நான்தான் ஏதோ மாத்திட்டேன். இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

"ஒண்ணும் அவசரமில்ல" என்றார். கவிழ்த்த போனின் மேல் கை அப்படியே இருந்தது.

பழசைத் தூக்கிப் போடு என்றவர். அப்படிச் சொன்ன அன்று காலையிலும் ஆறு பத்துக்கு வந்திருக்கிறார். நான் பதிவில் பின்னால் போய்ப் பார்த்தேன்.

மதியம் நகலிலிருந்து அந்த ஒரு பக்கத்தையும் அந்த ஒரு படத்தையும் எடுத்து, இருந்த முகவரியிலேயே வைத்தேன். தளத்தில் எங்கிருந்தும் அதற்கு வழி இல்லை. தெரிந்தவர் வரலாம். ஒரு வரியும் மாற்றவில்லை.

ஏப்ரல் 18

6.10. கிடைத்தது. ஒரே தடவை.

அப்பா காபி குடித்தார். சிரித்தாரா என்றால், இல்லை.

அறிவிப்பிலிருந்து கண்ணாடி வரியை நீக்கிச் சேமித்தேன். சாவியை எடுத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் போய்க் கடையைத் திறந்தேன்.