அப்பாவின் மார்க்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுத வந்த கை இந்த முறை கொஞ்சம் தயங்குகிறது, ஏன் என்று படித்துக்கொண்டே வா, பயப்பட ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கீழ்வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தாள், மாடிப்படி பல்பை ஒருவழியாக மாற்றிவிட்டார்கள்.

அப்பாவின் முதுகு விஷயத்துக்கு வருகிறேன். பேக்கரி அடுப்பின் முன்னால் ஆயுசெல்லாம் குனிந்து நிமிர்ந்த முதுகு, இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கிறது என்று உனக்குத் தெரியும். பெரிய டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்று கரண்ட் வைத்தியத்துக்கு அனுப்பினார். ஊசி இல்லை, கத்தி இல்லை, முதுகுத்தண்டின் மேல் ஸ்டிக்கர் மாதிரி பட்டைகளை ஒட்டி மெல்லிய கரண்ட் விடுகிறார்கள், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகும் வலியை அது கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், சிலருக்குக் கேட்கும் சிலருக்குக் கேட்காது என்று பிசியோதெரபிப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். அதைப் பார்க்கத்தான் கரண்டுக்கு முன்னும் பின்னும் ஒரு சோதனை. ரப்பர் முனை வைத்த ஒரு கருவியைக் கெண்டைக்காலில் அழுத்திக்கொண்டே போவாள், அழுத்தம் வலியாக மாறுகிற நொடியில் இவர் சொல்ல வேண்டும், அப்போது கருவி காட்டும் எண்ணை எழுதிக்கொள்வாள். எண் ஏறினால் வலி மட்டுப்படுகிறது என்று கணக்கு.

உன் அப்பா இதைப் பரீட்சை என்று நினைத்துவிட்டார். அதே நேரத்துக்கு ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் வருகிறார், அவருக்கும் இடுப்புதான். வெளியே வந்ததும் உங்களுக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவு என்று இரண்டு பேரும் மார்க் கேட்டுக்கொள்கிறார்கள். டிரைவரை முந்த வேண்டுமே என்று இவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார், சூட்டுத் தட்டை வெறுங்கையால் எடுத்த மனுஷனுக்கு இது எம்மாத்திரம். எண் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம், நல்லா கேட்டிருக்கு ஐயா, இந்த வாரத்தோட நிறுத்திடலாம் என்றாள். இவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் பார்த்தால் செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

அடுத்த தடவை நானும் கூடவே போய்ப் போட்டு உடைத்துவிட்டேன். இவர் கால்மேல வண்டி ஏறினாலும் ஒண்ணுமில்லைன்னு சொல்ற ஆளு, இவர் நம்பரை நம்பாதேம்மா என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. அந்தப் பெண் கோபிக்கவில்லை, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐயா, நீங்க எவ்வளவு தாங்குவீங்கன்னு நான் கேக்கல, எங்க வலிக்க ஆரம்பிக்குதுன்னுதான் கேக்கறேன், நீங்க சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும் என்றாள். மறுபடி அழுத்தினாள். பழைய எண்ணில் பாதிகூட வரவில்லை, வலிக்குதும்மா என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பழைய எண்களை அடித்துவிட்டு அவள் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். இப்போது நிஜமாகவே கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஒரேயடியாக இல்லை, முக்குக் கடைவரை நடந்து வருகிறார். டிரைவரும் தன் மார்க் எல்லாம் பொய் என்று ஒத்துக்கொண்டார், அதில் உன் அப்பாவுக்கு ஏகத் திருப்தி.

நீ போனில் நல்லாத்தாம்மா இருக்கேன் என்று சொல்கிறாயே, அது அப்படியே உன் அப்பா குரல். புது வேலைக்குப் போனதிலிருந்து உன் சிரிப்பையே காணோம். நான் துருவவில்லை. குளிருக்குக் காலுறை போட்டுக்கொள், நல்லதெல்லாம் உன்னைத் தேடி வரட்டும், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே. எப்போதும் போல நலம் என்று ஒற்றைச் சொல் எழுத அப்பாவுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா

கொஞ்சம் வலிக்கிறது. உனக்கு?
அப்பா