உங்கள் உள்ளங்கையில் அணைந்த கற்பூரம்

நேற்று உங்கள் தலைமாட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறிய நேரத்தில், எனக்குப் பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் பேசியது காதில் விழுந்தது.

"நல்ல மனுசன்தாம்பா. அந்தக் கவசம் மேட்டர் ஒண்ணுதான்..."

"செத்தவனப் பத்தி இப்ப இன்னாத்துக்கு? வுடு."

பதினான்கு வருடங்கள் ஆகிவிட்டன, எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். மாலையைச் சரிசெய்வதுபோல் உங்கள் அருகில் குனிந்தேன். கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் வலது உள்ளங்கை தெரியவில்லை. தெரியாமலிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்கே என்மேல் நம்பிக்கை வராது.

ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளையார் கோயிலுக்கு அப்போது நான் செயலாளர். நீங்கள் எங்கள் ஃபாக்டரியில் சம்மட்டி பிடித்தவர், கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவீர்கள். குவார்ட்டர்ஸ்காரர் இல்லை என்றாலும், வெள்ளிக்கிழமைதோறும் பூஜைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்ப்பது எப்படியோ உங்கள் வேலையாகியிருந்தது. தீபாராதனை முடிந்ததும் நான் நாலு வார்த்தை பேசுவேன். கற்பூரம் தன்னை முழுக்க எரித்துக்கொள்கிறது, சாம்பல்கூட மிஞ்சுவதில்லை, 'நான்' என்பதும் இறைவன் முன்னால் அப்படித்தான் கரைய வேண்டும் என்பேன். எல்லாம் படித்ததுதான். ஒரு நாள் குத்துவிளக்கைத் தேய்த்தபடியே கேட்டீர்கள்:

"எல்லாம் கரைஞ்சு பூடுதுன்ற. அப்பால வாசனை மட்டும் எப்டி சாரே கீது?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அந்த வருடம் எனக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் கோயில் பீரோ சாவி உங்களிடம் இருந்தது, நான்தான் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்து, சதுர்த்திக்கு முந்தின நாள் பீரோவைத் திறந்தால் பிள்ளையாரின் வெள்ளி முகக்கவசம் இல்லை. பூட்டு உடைபடவில்லை. பதிவேட்டில் 'பீரோவில் உள்ளது' என்று என் கையெழுத்து இருந்தது.

"சாவி யார்கிட்ட இருந்துச்சோ, அவரு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும்" என்றார் கமிட்டித் தலைவர்.

"பாத்திரம் தேய்க்கச் சொன்னா பிள்ளையார் மூஞ்சியையே தேச்சுட்டாருப்பா!" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

சன்னதிப் படியில் கற்பூரம் ஏற்றினார்கள். இப்படிச் சத்தியம் செய்பவர்கள் சட்டென்று தட்டி அணைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். நீங்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினீர்கள், எடுக்கவில்லை. "நான் எடுக்கல. அவ்ளோதான்" என்று சொல்லி முடித்த பிறகே கையைத் தூக்கினீர்கள். தோல் கருகிய வாசமும் கற்பூர வாசமும் கலந்து வந்தன.

மார்கழி பஜனைக்கு மப்ளர் எடுக்க என் தகரப் பெட்டியைத் திறந்தேன். குப்பென்று கற்பூர வாசம். மப்ளருக்கு அடியில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் என் பழைய வேட்டியில் சுற்றியபடி பிள்ளையாரின் முகம். வெள்ளி கறுக்காமலிருக்கக் கூடவே வைத்த கற்பூரப் பொட்டலத்தில் காகிதம் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. அடுத்த தெருவில் திருட்டு என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாலை, கொதிக்கும் காய்ச்சலோடு, பத்திரமாக இருக்கட்டும் என்று நானே எடுத்து வந்து வைத்திருக்கிறேன். எழுதிவைக்காமல் ஒரு குண்டூசியைக்கூட இடம் மாற்றாதவன், அன்று ஒருநாள் எழுதவில்லை.

பையோடு பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

"இன்னா சாரே, பேயறஞ்ச மாரி கீற?"

கவசத்தைக் காட்டி, விவரத்தைச் சொன்னேன். நீங்கள் கவசத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

"அட, அப்ப நீ திருடலியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பீரோலேருந்து எடுத்து மஞ்சப் பையில சுத்திகினு போனத அன்னிக்கே பாத்தேன் சாரே. இன்னா கஷ்டமோ, ஊட்ல இன்னா பிரச்சினையோன்னு நெனச்சேன்."

"பார்த்தும் ஏன் சொல்லலை?"

"சொன்னா உன்னிய கற்பூரம் அணைன்னுவாங்க. இது சம்மட்டி புடிச்ச கை, தாங்கும். உன்து பேனா புடிக்கிற கை."

மூன்று மாதமும் வாரம் தவறாமல் வந்து என் உடம்பை விசாரித்தீர்கள். என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டேதான் விசாரித்தீர்கள். இதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கமிட்டியில் சொல்லிவிடுகிறேன் என்றேன். "முடிஞ்சா சொல்லு சாரே. முடியலன்னா வுடு" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் கண் என் முகத்தைவிட்டு அகலவில்லை. நான் சொல்ல வேண்டும் என்றுதான் நீங்கள் விரும்பினீர்கள்.

முதலில் பொருளை அதன் இடத்தில் வைப்பது, பிறகு கூட்டத்தில் சொல்வது என்று திட்டமிட்டேன். எந்த வேலையிலும் எனக்கு ஒரு முறை வேண்டுமே! அன்றிரவே கவசத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை பீரோவைத் திறந்த குருக்கள் கத்திவிட்டார். எல்லோரும் ஓடி வந்தார்கள். தலைவர் கைகூப்பி, "பாத்தீங்களா, கற்பூர சத்தியம் சும்மா வுடுமா? பயந்துபோய்க் கொண்டாந்து வெச்சுட்டான்!" என்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் குடத்தோடு கிணற்றடியில் நின்றிருந்தீர்கள். என் வாய் திறக்கவில்லை. இந்த முறை தலை குனிந்தது நீங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தீர்கள். பீரோ அறைக்குள் உங்களை விடவில்லை, பாத்திரங்களை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். வாசலில் உட்கார்ந்து தேய்த்தீர்கள். போன மாதம் வரைக்கும் அங்கேதான் தேய்த்தீர்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் கற்பூரத்தின் தத்துவம் பேசவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

இந்த மடலை இரண்டு பிரதிகள் எழுதியிருக்கிறேன். ஒன்று உங்கள் மகளுக்கு. இன்னொன்றை, இன்று மாலை தீபாராதனைக்குக் கூட்டம் சேருவதற்கு முன்னால், கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். பசை டப்பா மேசைமேல் இருக்கிறது. நீங்கள் இருந்தபோது முடியாதது இப்போது முடிவதில் பெருமை எதுவும் இல்லை.

வாசனை பற்றிய உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அந்தப் பெட்டியில் அது இன்னும் இருக்கிறது. பேனா பிடிக்கிற இந்தக் கையால் இரண்டு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பழைய பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'பீரோவில் உள்ளது' என்று எழுதிய அதே கைதான். பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.